மலைவீட்டில் தனிமை: கதவைச் சாத்தும் முன் ஜன்னலைத் திறங்கள்

கோத்தகிரிப் பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு எங்களுடையது. அதில் காய்ச்சல்காரர் ஒருவரைத் தனியே வைத்து, சர்க்கரை வியாதியுள்ள மாமியாரையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் அந்தக் காய்ச்சல் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கூடமாட உதவ ஆள் இல்லை. "வீட்டிலேயே தனிமையில் வையுங்கள்" என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எப்படி வைப்பது என்று தேடினால் கிடைத்ததெல்லாம் சமவெளி வீட்டுக்கு எழுதிய குறிப்புகள். மலையில் நிலைமையே வேறு. இங்கே பெரும்பாலான வீடுகளில் மின்விசிறி கிடையாது. வருஷத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறப்பதில்லை. துவைத்த துணி காயாது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்கூட கோயமுத்தூரில் காட்டுவதுபோல் இருக்காது. அந்த நாட்களில் பயத்தோடு தேடித் தேடித் தெரிந்துகொண்டதை, ஃப்ளூ, கோவிட் மாதிரி மூச்சுக்காற்று வழியே பரவும் நோய்களுக்குப் பொருந்தும்படி வரிசையாக எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இன்னொருவர் தனியாகத் திண்டாடக் கூடாது.

முதலில் நேரம். தொண்டை கரகரவென்று, உடம்பு வலி தொடங்கும் அந்தச் சாயங்காலமே தனிமை தொடங்கிவிட வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, பிறகு ஐந்து முதல் ஏழு நாள்வரை பரவும். கோவிட் ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி எட்டு, பத்து நாள்வரை போகலாம். அறிகுறி வந்த அன்றே கொஞ்சம் தொற்று வீட்டுக்குள் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக "எப்படியும் வரத்தான் போகிறது, எதற்கு வம்பு" என்று விட்டுவிடக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள்தான் கிருமி அதிகமாக வெளியேறும் காலம். அந்த நாட்களைத் தடுத்தாலே பெரும்பங்கு தடுத்த மாதிரி. வயதானவரை அந்த ராத்திரியே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பலாமா என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அனுப்பாதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் அந்த வீட்டுக்கும் நோய் போய்ச் சேரும். அதே வீட்டில் காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் படுக்க வையுங்கள்.

அடுத்து அறை. கடைக்கோடி அறை, சின்ன அறை என்று பார்க்காமல், காற்று எந்தப் பக்கமிருந்து வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீலகிரியில் இது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கமெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றை நேராக வாங்கும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து மழையும் காற்றும் வரும். காற்று வரும் பக்கத்து அறையில் நோயாளியைப் படுக்க வைத்து ஜன்னலைத் திறந்தால், அந்த அறைக் காற்று முழுவதும் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும்தான் வரும். காற்று வெளியேறும் பக்கத்து அறையே நோயாளிக்கு. காற்று வரும் பக்கம் மற்றவர்களுக்கு.

சரியாக அமைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தி போதும். நோயாளி அறையின் கதவைச் சாத்தி, கூடத்துப் பக்கம் உட்கார்ந்து, கதவின் அடி இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட வேண்டும். உங்கள் பக்கம் திரும்பினால் அறைக் காற்று வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். அப்போது இரவல் வாங்கியாவது ஒரு டேபிள் ஃபேனையோ பெடஸ்டல் ஃபேனையோ நோயாளி அறை ஜன்னலில் முகம் வெளியே பார்க்கும்படி வையுங்கள். காற்று நோயாளிமேல் வீசக் கூடாது, அறையிலிருந்து வெளியே தள்ள வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள ஜன்னல் இடைவெளியை அட்டை வைத்து அடையுங்கள். இல்லையென்றால் தள்ளிய காற்று பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்துவிடும். பிறகு மறுபடி ஊதுபத்தி வைத்துப் பாருங்கள். சாயங்காலம் காற்றின் திசை மாறினால் இன்னொரு தரம். அந்த ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டு ஜன்னல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அவர்களிடம் சொல்லி அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், கூடுதலாக ஒரு விஷயம்: சில பழைய லயன்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே உள்ள அந்த இடைவெளி வழியாக ஒரு வீட்டுக் காற்று அடுத்த வீட்டுக்குப் போகும். தார்ப்பாயோ கனமான பாலிதீன் ஷீட்டோ வைத்து அதை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

காற்றுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். ஓர் அறையின் காற்று மணிக்கு ஆறு முறை முழுக்க மாறினால், அதில் மிதக்கும் நுண்துளிகளில் 99 சதவீதம் 46 நிமிடத்தில் வெளியேறிவிடும். கதவு ஜன்னலெல்லாம் இறுகச் சாத்தி, மணிக்கு அரைமுறைதான் மாறுகிறது என்றால், அதே அளவு வெளியேற ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நோயாளி அந்த அறையைவிட்டுப் போன பிறகு. அவர் உள்ளேயே இருமிக்கொண்டிருந்தால் சேர்ந்துகொண்டேதான் போகும். சாப்பாடு கொடுக்க நீங்கள் உள்ளே போகும் அந்த ஐந்து நிமிடம் எந்த மாதிரிக் காற்றில் நிற்கிறீர்கள் என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

"இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஜன்னி கண்டுவிடும்" என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். எங்கள் வீட்டிலும் பெரிய சண்டையே வந்தது. ஆனால் குளிர் இங்கே நமக்குச் சாதகம். உள்ளே வெதுவெதுப்பும் வெளியே குளிருமாக இருந்தால் சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும், குளிர்ந்த காற்று கீழ்வழியே வரும். அதனால் ஜன்னலை முழுக்கத் திறக்கக்கூட வேண்டாம். மேலே வென்டிலேட்டரும் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஜன்னலும் எப்போதும் திறந்திருந்து, மணிக்கொரு தரம் பத்து நிமிடம் முழுக்கத் திறந்துவிட்டால் நன்றாகவே மாறும். வெள்ளைக்காரன் காலத்து வீடுகளில் கணப்புக்கான சிம்னி இருக்கும். நெருப்பு மூட்டாவிட்டாலும் அது காற்றை மேலே இழுக்கும். பறவைக் கூடு, பழைய துணி என்று அடைத்து வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நோயாளியின் உடம்பைக் கதகதப்பாக வையுங்கள், அறைக் காற்று குளிர்ந்திருக்கட்டும். உள்ளே பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், காலுறை, மங்கி கேப், இரண்டு கம்பளி, துணி சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று காலடியில். வேர்த்து உள்சட்டை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஜன்னலைவிட அந்த ஈரம்தான் நடுக்கம் தரும்.

அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தனியறையில் இருப்பவருக்குக் குளிருமே என்று கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். இரும்புச் சட்டியில் மூட்டிய கரி புகையாமல் கனிந்துகொண்டிருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். வாசனை கிடையாது, கண் எரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டு மூடிய அறையில் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். காய்ச்சல்காரருக்கு இது இரட்டை ஆபத்து. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் காய்ச்சலால் என்றே நினைத்துக்கொள்வோம். இன்னும் மோசம், சாதாரண விரல் ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 97, 98 என்று காட்டும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை. காய்ச்சல் நாட்களில் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க விடாதீர்கள். வெந்நீரை வெளியே வைத்துக் கொடுங்கள், துணியால் துடைத்துக்கொண்டால் போதும்.

கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும், முகக்கவசத்தோடு. அவர் வந்தபின் ஜன்னலைத் திறந்துவிட்டு அரைமணி நேரமாவது யாரும் போகாமல் இருப்பது நல்லது. பிறகு தாழ்ப்பாள், குழாய், வாளிக் கைப்பிடி, சுவிட்ச் இவற்றைத் துடைத்தால் போதும். சோப்புத் தண்ணீரே செய்யும். பிளீச்சிங் பவுடர்தான் வேண்டுமென்றால், 30 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான பழைய பவுடருக்குச் சக்தி இருக்காது, நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே அப்படி ஆகிவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். வெளியே பொதுக் கழிப்பறை உள்ள லயன்களில் ராத்திரிதான் சிக்கல். கோத்தகிரிப் பக்கம் கரடி, குன்னூரிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை. காய்ச்சலில் தள்ளாடும் மனிதரை இருட்டில் தனியாக அனுப்ப முடியாது, துணைக்குப் போனால் தொற்றும் பயம். மூடியுள்ள ஒரு வாளியை அறைக்குள்ளேயே வைத்து, காலையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரைமணி கழித்துக் கொட்டுவதே வழி. கூச்சப்படுவார்கள், முதல் ராத்திரி மட்டும்தான்.

பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும். வயதில் குறைந்தவர், வேறு வியாதியில்லாதவர், கர்ப்பிணியாக இல்லாதவர். துணிக் கவசம் போதாது, என்95 வேண்டும். மலையில் எல்லாரும் மப்ளருக்கும் மங்கி கேப்புக்கும் மேலேயே கவசத்தை மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் ஓரமெல்லாம் ஒழுகும். கவசம் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், கேப் அதன்மேல். மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்துங்கள். கண்ணாடி போடுகிறவராக இருந்து கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்புறம் ஒழுகுகிறது. நாலைந்து கவசங்களுக்கு எண் போட்டுக் காகிதப் பையில் ஆறவிட்டு நாளுக்கொன்றாக மாற்றலாம். ஆனால் பனிமூட்டத்தில் காகிதப் பையிலும் ஈரம் இறங்கும், அடுப்படிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நமத்துப்போனதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுக்கு இங்கே தடை இருப்பதால் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் அவருக்கென்று ஒதுக்கிச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், எரிக்கவோ புதைக்கவோ வேண்டியதில்லை. குளிரில் தாகம் தெரியாது. சிறுநீர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. கஞ்சி, ரசம், மோர் என்று நேரம் வைத்துக் கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குடிநீரைத் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

ஆக்சிமீட்டர் எங்களை அழவைத்த கருவி. 94 காட்டும்போதெல்லாம் நெஞ்சு பதறும். அப்புறம்தான் விளங்கியது, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே 95, 96 என்றுதான் இருக்கும், சிலருக்கு 94. கடல்மட்டத்து 98, 99ஐ இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அதனால் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே ஆளுக்கொரு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொந்த எண்ணிலிருந்து மூன்று புள்ளி இறங்கி அங்கேயே நின்றாலோ, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பார்த்தும் 93க்கு மேல் ஏறாவிட்டாலோ மருத்துவரைக் கூப்பிட வேண்டும். விரல் சில்லென்றிருந்தால் எண் பொய்யாகக் குறையும். கையை வெந்நீர்ப் பையில் வைத்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்து ஒரு நிமிடம் நின்றபிறகு எழுதுங்கள். கருவியே இல்லையென்றால் மூச்சை எண்ணலாம். கம்பளி ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பாருங்கள். பெரியவர்களுக்கு 24க்கு மேல் போனால் ஆபத்து. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40, அதற்குச் சின்னக் குழந்தைக்கு 50, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதற்கு 60 எட்டினாலே கொண்டு போக வேண்டும்.

மருந்தில் சொல்ல அதிகமில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில். கடையில் தரும் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கு ஒசல்டாமிவிர் என்ற மருந்து உண்டு, முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நல்ல பலன். கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் அதனால்தான் முதல் நாளே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்ற முடிவை மலையில் பகலிலேயே எடுங்கள். கோவிட்டில் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் திடீரென்று மோசமாகும். அந்த நாட்களில் மத்தியானமே எண்களைப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் கிளம்பிவிட வேண்டும். ராத்திரி மூடுபனி, மழையில் விழுந்த மரம், மண்சரிவு, இவற்றைத் தாண்டி 108 வந்து சேர நேரமாகும். எஸ்டேட் பெயர், டிவிஷன், லயன் எண், வண்டி எதுவரை வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நம் வீட்டு விலாசமே வாயில் வராது. மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்பதால் போன் எப்போதும் முழு சார்ஜில்.

செலவு என்று பார்த்தால் தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், கவசம், மாத்திரை எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அடி விழுந்தது வருமானத்தில். தேயிலையில் பத்துப் பதினைந்து நாளுக்கொரு சுற்று இலை பறிக்க வேண்டும். ஒரு சுற்று தவறினால் இலை முற்றி, ஃபேக்டரியில் விலை குறைப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். நோய் வருவதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்தாரோடு "உங்களுக்கு முடியாதபோது நாங்கள், எங்களுக்கு முடியாதபோது நீங்கள்" என்று மாற்றாள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் வேலை என்றால் முதல் நாளே மருத்துவச் சான்று வாங்கி வையுங்கள், நோய்க்காலப் படி கேட்க அது வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வழியாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் அந்தப் பணியாளருக்கு முன்னதாகவே போன் செய்து, வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம்.

மனசு விஷயத்தையும் எழுதத்தான் வேண்டும். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இருமலைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது கொடுமை. இருமல் நின்றால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தில்தான் கவசமில்லாமல் உள்ளே ஓடத் தோன்றும். ராத்திரி இரண்டு நேரம் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போன் அடித்துப் பேசுவது என்று வையுங்கள். சிக்னல் கிடைக்காத இடமென்றால் சுவரைத் தட்டினால் பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் மட்டும் கவசம் போட்டு உள்ளே போகலாம்.

எப்போது வெளியே விடுவது? 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் கோவிட்டுக்குச் சொன்ன கணக்கு: பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல். ஃப்ளூவுக்கு மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமலிருந்து, இருமலும் குறைந்துகொண்டே வர வேண்டும். அதற்குப் பிறகும் ஐந்து நாள் கவசம். முக்கியமாகப் பனிமூட்டத்துக்காகக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட மினி பஸ்ஸிலும், படுதா இறக்கிய ஜீப்பிலும், இலை எடை போடும் கொட்டகையிலும். நடுவில் வீட்டில் இன்னொருவருக்குத் தொண்டை கரகரத்தால் அவருக்கு அன்றிலிருந்து புதுக் கணக்கு. சின்னம்மை என்றால் நாளை எண்ணாதீர்கள், கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியதா என்று பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல், வீட்டாரும் வெளியே போகாமல் இருக்கும் நம் வழக்கத்தை அம்மைக்கு மட்டுமல்ல, காய்ச்சல் கண்ட எந்த வீட்டுக்கும் கொண்டுவரலாம். வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்காமல் திரும்பிவிடுவார்கள்.

கடைசியாகக் கம்பளி. ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையையும் கம்பளியையும் மழைக்காலத்தில் துவைத்தால் வாரக்கணக்கில் காயாது, பூஞ்சை பிடித்து அதனாலேயே இருமல் வரும். உறையையும் உள்துணியையும் மட்டும் சூடான சோப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் துவையுங்கள். கனமான கம்பளியை அதே அறையில் கொடியில் விரித்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி ஒரு வாரம் விட்டுவிட்டால் அதிலுள்ள கிருமி தானே செத்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் காயப்போட்டால் போதும்.